கோணல்மாணலான வீட்டை வாடகைக்கு எடுக்கலாமா? அளந்து பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் ஒரு கிரவுண்டு மனை என்றால் 2400 சதுர அடி. அதில் படிக்கட்டு, வண்டி நிறுத்தம், சுற்றிலும் விட வேண்டிய இடம் எல்லாம் போக மிச்சத்தில்தான் அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. எல்லா வீடும் லட்சணமான சதுரமாக அமைந்துவிடாது. ஒன்றில் ஹால் நீளமான நடைபோல இருக்கும். இன்னொன்றில் படுக்கையறைக்குள் புகுந்துதான் பால்கனிக்குப் போக முடியும். வேறொன்றில் வாசல் கதவைத் திறந்ததும் அடுப்பு கண்ணில் படும்.

சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று பலருக்காக வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: காலி வீட்டைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். காலி வீட்டில் கோணல் தெரியாது. கட்டிலும் பீரோவும் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும், அப்போது அட்வான்ஸ் கைமாறியிருக்கும். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. கிளம்பும் முன் உங்கள் சாமான்களை அளந்து எழுதுங்கள்

வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அளக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வராங்க சார்" என்று புரோக்கர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும்போது கட்டிலின் அகலம் ஞாபகத்துக்கு வராது.

எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா ஆகிய ஐந்தும் போதும். ஒரு வீடு பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். மற்றவை எப்படியாவது ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, கட்டிலுக்குப் பதில் மெத்தையை அளப்பது. மெத்தை ஆறரை அடி என்றால் தலைமாட்டுப் பலகையோடு கட்டில் ஏழு அடியைத் தொடும். பீரோவும் அப்படித்தான். மூன்று அடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமான ஆழம் என்று குறித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அதன் கதவு திறக்க முன்னால் இன்னும் ஒன்றரை அடியாவது வேண்டும். பீரோவுக்கு அந்த இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: 5 மீட்டர் டேப், கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், போன் சார்ஜர். பிளக் பாயின்டில் கரன்ட் வருகிறதா என்று பார்க்கத்தான் சார்ஜர்.

2. வீட்டில் யார், எப்போது, எங்கே இருப்பார்கள் என்று எழுதுங்கள்

ஒரே வீடு ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கும், இன்னொரு குடும்பத்துக்கு நரகமாகிவிடும். அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் ஒரு நாளை எழுதிக்கொள்ளுங்கள். காலையில் முதலில் எழுவது யார்? இரவில் பாத்ரூமுக்கு எழுந்து போவது யார்? வீட்டிலிருந்தே வேலை செய்பவர் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டுமா? ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எங்கே படுப்பார்கள்?

நான் கல்யாணமான புதிதில் ரயில் பெட்டி மாதிரி ஒரு வீட்டில் குடியிருந்தேன். ஹால், அதற்குப் பின் படுக்கையறை, அதற்கும் பின் சமையலறை, கடைசியில் பாத்ரூம். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்பா வந்து ஒரு மாதம் தங்கினார். ஹாலில் படுத்தார். இரவில் பாத்ரூம் போக எங்கள் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். சங்கடப்பட்டுக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆயிற்று. மனசு கனத்துப் போயிற்று. அந்த வீடு பார்க்கும்போது சுவரின் பெயின்டைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தோம், பாத்ரூம் வழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

3. முதல் தடவை பிற்பகலில் போங்கள், லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்

மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் போவது நல்லது. மேற்குச் சுவர் சூடேறுவது அப்போதுதான் தெரியும். காலை பத்து மணிக்கு எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் புரோக்கர் எல்லா லைட்டையும் ஃபேனையும் போடுவார். மரியாதையாகச் சொல்லி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் உள்ள நடு அறைகளுக்கு வெளிச்சம் ஓ.டி.எஸ். என்கிற, கட்டடத்துக்குள் வானம் வரை திறந்து விட்ட இடைவெளியிலிருந்துதான் வரும். மேலே நான்கு மாடி இருந்தால் கீழ்த்தள வீட்டுக்கு அந்த வெளிச்சம் வந்து சேர்வதே பெரிய விஷயம். ஜன்னல் பக்கத்தில் நின்று மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் அந்த அறையில் பகல் முழுக்க லைட் எரியும்.

4. ஹாலில் கதவுகளை எண்ணுங்கள், முழுச் சுவரைத் தேடுங்கள்

எனக்குத் தெரிந்து ஒரு வீட்டின் அமைப்பை எடை போட இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. சதுர அடியைவிட முக்கியம், கதவோ ஜன்னலோ குறுக்கிடாத சுவர் எத்தனை அடி இருக்கிறது என்பது. ஒரு சாமானுக்கு முதுகு சாய்க்கச் சுவர் வேண்டும். சுவர் துண்டு துண்டாக இருந்தால் எவ்வளவு பெரிய ஹாலும் வீண்தான்.

நங்கநல்லூரில் ஒரு வீடு. ஹால் 16 அடிக்கு 11 அடி. நண்பருக்கு வாயெல்லாம் பல். டேப்பை எடுத்தோம். வாசல், இரண்டு படுக்கையறை, சமையலறை, பாத்ரூம், பால்கனி என்று ஆறு கதவு அந்த ஹாலில்தான் திறந்தன. போதாததற்கு ஒரு ஜன்னல், சுவருக்குள் ஒரு ஷோகேஸ். கதவுக்கும் கதவுக்கும் நடுவில் சுவர் இரண்டரை அடி, மூன்று அடி, ஒன்றே முக்கால் அடி என்று வந்தது. இருந்ததிலேயே நீளமான துண்டு 4 அடி 2 அங்குலம். அவருடைய சோபா 6 அடி. எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு கதவை மறைக்கும். அதே வாரம் பார்த்த இன்னொரு ஹால் 13-க்கு 10 தான், ஆனால் மூன்றே கதவு, ஒரு பக்கம் பத்தடிச் சுவர் முழுசாகக் கிடந்தது. அவர் சின்னதைத்தான் எடுத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

அடுத்து, நடக்கும் வழியைப் பாருங்கள். வாசலிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் நீங்களே நடந்து பாருங்கள். ஆள் நடக்க மூன்று அடி அகலம் விட வேண்டும். 16 அடி ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழி போனால் 48 சதுர அடி வழிக்கே போய்விடும். அந்த 176 சதுர அடியில் இது கால் பங்குக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை, வழி சுவரோரமாகப் போனால் மிச்ச இடம் ஒரே துண்டாக நிற்கும். மூலைக்கு மூலை குறுக்காகப் போனால்தான் ஆபத்து. ஹால் இரண்டு முக்கோணமாகப் பிளந்துவிடும், இரண்டிலும் ஒன்றும் போட முடியாது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் நோட்டில் கால் வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். இரண்டு கதவு ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. படுக்கையறையில் கட்டிலை மனசுக்குள் போட்டுப் பாருங்கள்

பத்துக்குப் பத்து அறையில் ஆறடி அகலக் கட்டில் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி மிஞ்சும். கால்மாட்டில் மூன்று அடி. பீரோ அங்கே நின்று, கதவும் திறக்க அந்த இடம் மட்டுமட்டுதான், ஓரிரு அங்குலம் இடிக்கவும் செய்யலாம். அந்த மூன்றடிக்குள் அறைக் கதவோ பாத்ரூம் கதவோ வந்து திறந்தால் பீரோவை வேறு அறையில்தான் வைக்க வேண்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடலாமே என்பார்கள். ஒருவர் படுக்க என்றால் போடலாம். இருவர் என்றால் சுவர்ப் பக்கம் படுப்பவர் இரவில் இன்னொருவரைத் தாண்டித்தான் எழ வேண்டும்.

ஆங்கில "L" வடிவ அறையில் இன்னொரு சிக்கல், மேலே பார்த்தால்தான் தெரியும். ஃபேன் கொக்கி பெரிய பகுதியின் நடுவில் இருக்கும், கட்டில் பொருந்துவதோ சின்னப் பகுதியில். ஃபேன் ஓடும், காற்று கட்டிலுக்கு வராது. மே மாதத்தில் இதோடு தூங்க முடியாது. கொக்கியை மாற்றக் கான்கிரீட்டில் துளை போட வேண்டும். ஹவுஸ் ஓனர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

பரண் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே வருகிறதா என்றும் பாருங்கள். சாமான் ஏற்றிய பரணுக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைக்க யாருக்கும் மனசு வராது.

6. சமையலறையில் நின்று ஒரு வேளைச் சமையல் செய்து பாருங்கள்

நிஜமாகவே நின்று பாருங்கள். காய் கழுவி, நறுக்கி, அடுப்புக்குத் திரும்புங்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் மேடையில் இரண்டடியாவது வேண்டும். இல்லையென்றால் நறுக்கும் பலகை கடைசியில் ஹாலில் தரைக்கு வந்துவிடும்.

ஃபிரிட்ஜ் எங்கே நிற்கும்? பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் கதவின் கீல் வலப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது, காய்கறி டிராயரை வெளியே இழுக்க முடியாது. "ஃபிரிட்ஜ் வைக்க இடம் இருக்கு" என்று ஓனர் காட்டும் மூலை பல நேரம் இப்படிப்பட்ட மூலையாகத்தான் இருக்கும். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் பிளக் எங்கே, 14.2 கிலோ சிலிண்டர் மேடைக்குக் கீழே நிற்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வாசலை ஒட்டிச் சமையலறை இருப்பதை நிறைய பேர் பெரிய குறையாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சிலிண்டர், தண்ணீர் கேன், காய்கறி எல்லாம் வாசலோடு இறங்கிவிடும், தாளிப்பு நெடி படுக்கையறை வரை போகாது. வருபவர் கண்ணில் பாத்திரம் படுவதுதான் குறை, அதற்கு ஒரு திரை போதும். நிஜமான குறை, ஜன்னல் ஓ.டி.எஸ்.ஸில் மட்டும் திறக்கும் சமையலறைதான். கீழ்வீட்டில் மீன் வறுத்தால் நெடி உங்கள் வீட்டுக்குள் வரும். அது மதியம் தெரியாது. இரண்டாம் தடவை இரவு ஏழரை, எட்டு மணிக்குப் போங்கள்.

7. பாத்ரூம், துணி

பாத்ரூம் கதவு சாப்பிடும் இடத்தைப் பார்த்து இருக்கிறதா, வாசலில் படி எவ்வளவு உயரம், ராத்திரி இருட்டில் கட்டிலிலிருந்து அங்கே போக எத்தனை திருப்பம் என்று பாருங்கள். வயதானவர்கள் இருந்தால் ஆறங்குலப் படியே பெரிய விஷயம்.

வாஷிங் மெஷினுக்குக் குழாய், தண்ணீர் வெளியேறும் வழி, பிளக் மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

அப்புறம், துணி காய்வது எங்கே? படுக்கையறை வழியாகத்தான் பால்கனி என்றால் காலையில் தூங்குபவரைத் தாண்டி ஈரத்துணியோடு போக வேண்டியிருக்கும். மொட்டை மாடியில் கொடி கட்ட உங்களுக்கு உரிமை உண்டா என்று நேராகக் கேளுங்கள்.

8. திசையும் காற்றும்

போனில் திசைகாட்டியைத் திறந்து ஒவ்வொரு ஜன்னலும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதுங்கள். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும். அந்தப் பக்கம் ஒரு ஜன்னலும், காற்று வெளியேற எதிர்ப்பக்கம் இன்னொரு திறப்பும் இருந்தால் கோணலான வீடுகூடக் குளிர்ந்து கிடக்கும். ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் காற்று சரியாக உள்ளே நுழையாது.

மேற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறை சாயங்காலம் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஏசி போடலாமே என்றால் அதற்கான பவர் பிளக்கும், வெளி யூனிட் மாட்ட இடமும் வேண்டும். வெளி யூனிட்டை ஓ.டி.எஸ்.ஸுக்குள் தொங்கவிட்டால் சூடான காற்று அங்கேயே சுற்றும், ஏசி திணறும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வடக்கு, கிழக்கு ஜன்னல்களுக்குக் கீழே சுவரைத் தடவிப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தாலோ புது பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் அடித்திருந்தாலோ ஓதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. நோட்டில் வரையுங்கள், பிறகு சாக்பீஸால் தரையில்

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே வரைந்துவிடுங்கள். ஒரு கட்டம் ஒரு அடி. அட்டையில் கட்டில், பீரோ, சோபாவை அதே அளவில் வெட்டி அந்தப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். மூன்று விதமாக வைத்துப் பார்த்தும் இடிக்கிறது என்றால் நான்காவது வழி பெரும்பாலும் கிடைக்காது.

சந்தேகம் தீராத அறையை மொட்டை மாடியில் நிஜ அளவில் சாக்பீஸால் வரையுங்கள், கோலமாவும் போதும். கட்டிலின் எல்லையையும் வரைந்து அதற்குள் கால் படாமல் நடந்து பாருங்கள். காகிதத்தில் இரண்டடி வழி தாராளமாகத் தெரியும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் எவ்வளவு குறுகல் என்று புரியும்.

ஓனர் சொன்ன சதுர அடியையும் இப்போது சரிபாருங்கள். 1000 என்று சொன்ன வீடுகளில் நான் அளந்தவை பெரும்பாலும் 700-க்கும் 780-க்கும் இடையில்தான் வந்தன. படிக்கட்டு, லிப்ட் போன்ற பொது இடத்தின் பங்கையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். இரண்டு வீடுகளின் வாடகையை ஒப்பிடும்போது நீங்கள் அளந்த கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. குறைகளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

முதல் பத்தியில், நீங்களே சரி செய்யக்கூடியவை. திரை, மடக்கு மேசை, சின்ன ஃபிரிட்ஜ் ஸ்டாண்டு, நீள வயர் இதில் வரும். இரண்டாவது, ஓனர் சம்மதித்தால் சரியாகக்கூடியவை. கூடுதல் பிளக், கதவு திறக்கும் பக்கத்தை மாற்றுவது, பாத்ரூமில் கைப்பிடி. மூன்றாவது, எது செய்தாலும் மாறாதவை. கதவுகள் இருக்கும் இடம், வெளிச்சம், காற்று வரும் திசை, பாத்ரூமுக்குப் போகும் வழி.

மூன்றாவது பத்தியில் இருப்பதை உங்கள் ஒரு நாள் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். தினமும் உறுத்துமா, மாதம் ஒரு தடவையா? தினமும் உறுத்துவது ஒன்று இருந்தாலே அந்த வீட்டை நான் விட்டுவிடச் சொல்வேன். விருந்தாளி வரும்போது மட்டும் உறுத்துவது நாலு இருந்தாலும் வாடகை குறைந்தால் எடுக்கலாம்.

குறைவு என்றால் எவ்வளவு? மாதம் 2000 ரூபாய் குறைந்தால் 11 மாத ஒப்பந்தத்தில் 22,000 மிச்சம். ஆனால் பிடிக்காமல் ஒரு வருடத்தில் மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்டிங் என்று அட்வான்ஸில் பிடிக்கும் ஒரு மாத வாடகை, லாரிக் கூலி எல்லாம் சேரும். 18,000 வாடகை வீட்டில் முதல் இரண்டுக்கே 36,000 ஆகிவிடுகிறது. மிச்சம் பிடித்ததைவிட இது அதிகம்.

11. டோக்கன் கொடுக்கும் முன் பேசி, எழுதி வாங்குங்கள்

பேரம் பேசும்போது "வீடு சரியில்லை" என்று சொன்னால் ஓனருக்குக் கோபம்தான் வரும். அளவைச் சொல்லுங்கள்: "ஐயா, ஹாலில் நாலடிக்கு மேல சுவரே இல்ல, சோபா போட முடியல. வாடகைல ஏதாவது பார்த்துக் குறைச்சா எங்களுக்குச் சரிப்படும்." அளந்து வந்து பேசுபவரிடம் பேச்சே வேறு மாதிரி போகும். வாடகை குறையாவிட்டாலும் இரண்டாவது பத்தியில் உள்ள வேலைகளில் ஒன்றிரண்டையாவது செய்து கொடுப்பார்கள்.

ஒத்துக்கொண்டதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் துளை போடலாம், பிளக் யார் செலவு, காலி செய்யும்போது அது யாருக்குச் சொந்தம் என்பது வரை எழுதலாம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

12. சாமான் ஏற்றும் வரிசை

கோணலான வீட்டில் எது முதலில் உள்ளே போகிறது என்பது முக்கியம். ஹாலில் சோபாவை இறக்கிவிட்டால் பீரோ படுக்கையறைக்குத் திரும்பாது. படிக்கட்டின் திருப்பம், லிப்ட் கதவு, வாசல் கிரில் மூன்றின் அகலத்தையும் முதல் நாளே அளந்துவிடுங்கள். நிலையின் அகலம் சரியாக இருந்தும் கிரில் பாதி திறந்து நின்று பீரோ மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாவி வாங்கியதும் படுக்கையறைத் தரையில் கட்டில், பீரோவின் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வாருங்கள். லாரிக்காரர்களுக்கு வாயால் சொல்வதைவிட அந்தக் கோடு சுலபமாகப் புரியும். லாரியில் கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். அதனால் சோபாவையும் டிவியையும் முதலில் ஏற்றச் சொல்லுங்கள், கட்டிலும் பீரோவும் கடைசியாக ஏறட்டும்.